வாய் நிறைய ஆணி

இது நடந்து வெகு காலமாகிவிட்டது. அப்போது வெயில் காலமா மழைக் காலமா என்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பட்டறைக் கதவு விரியத் திறந்து கிடந்ததாக ஒரு நினைவு. வாசலில் ஈரச் செருப்புகள் குவிந்திருந்ததாக இன்னொரு நினைவு. இரண்டும் ஒரே நாளாக இருக்க முடியாது. யார் முதலில் வாயைத் திறந்தார்கள் என்பதிலும் ஆளுக்கொரு கதை இருக்கிறது. ஆனால் ஆணியக்கா எழுந்து நின்றதும், வாய்க்குள் விரலை விட்டதும் எல்லோர் கதையிலும் ஒன்றுபோலவே வருகின்றன. அதை நம்பித்தான் மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது ஒரு குஷன் பட்டறை. சினிமா கொட்டகைகளுக்கும் கப்பல்களுக்கும் நீண்டதூரப் பேருந்துகளுக்கும் இருக்கை செய்வார்கள். ஒரு மூலையில் ஃபோம் அறுக்கும் ரம்பம். நடுவில் உறை தைக்கும் மெஷின்கள். தெருப்பக்கம் சன்னலோரமாக ஆணி அடிக்கும் பெஞ்சுகள். கூட்டம் கூடுகிற இடத்து இருக்கை சட்டென்று தீப்பற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் அங்கே வருகிற ஃபோமெல்லாம் தீயை அடக்கும் ரசாயனம் கலந்தே வரும். பட்டறையில் அதற்கு ‘மருந்து’ என்று பெயர். மருந்து போட்ட ஃபோமை அறுத்தால் மாவு மாதிரி ஒரு தூசி பறந்து ஆணி டப்பாவரை படியும். கையில் லேசாகப் பிசுபிசுக்கும், உதட்டில் கசக்கும். மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மருந்தில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. ஏதோ ஒரு கொட்டகையில் தீப்பிடித்துத் திரை எரிந்து, கூரை எரிந்து, இருக்கைகள் மட்டும் கருகியபடி நின்றனவாம். உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் வெளியே ஓடிவர நேரம் கிடைத்ததாம். அன்றைக்குப் பட்டறை முழுக்க, “நம்ம சீட்டு, நம்ம சீட்டு” என்று சொல்லிக்கொண்டார்கள், வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி.

ஆனாலும் அங்கே உண்மையான மதிப்பு ஆணிக்குத்தான். இருக்கைச் சட்டத்தில் உறையை ஏற்றும்போது ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் சுத்தியல் இருக்கும். ஆணி எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒரு பிடி குட்டை ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கு அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி, தலைப்பக்கம் முன்னே வரும்படி உதட்டுக்குத் தள்ளும். காந்தம் வைத்த சுத்தியல் உதட்டருகே வந்து ஆணியைக் கவ்விக்கொண்டு போகும். தட். அடுத்தது. கைதேர்ந்தவர்கள் செய்வதைப் பார்த்தால் மூச்சு விடுவது போலிருக்கும். அது வராதவர்களுக்குக் காற்றழுத்தத்தில் ஸ்டேபிள் பின் அடிக்கும் துப்பாக்கி உண்டு. அவர்கள் கதவோரம் உட்கார்ந்து டப் டப்பென்று சுட்டுக்கொண்டிருப்பார்கள். துப்பாக்கிப் படை என்று பேர். பேர்தான் பெரிது, பட்டறையில் அதைவிடக் கீழான இடம் கிடையாது.

வாயில் ஆணி இருந்தால் பேச முடியாது. அதனால் சன்னலோரத்தில் ‘ம்’தான் பாஷை. மேலே ஏறும் ‘ம்’ என்றால் கத்தரி வேண்டும். இழுத்த ‘ம்’ என்றால் துணி கோணல். மூக்கிலிருந்து வரும் குட்டி ‘ம்’ பக்கத்து பெஞ்சுக்காரியைப் பற்றிய வம்பு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது வேலை நடக்கும் இடமாகத் தெரியாது. யாரோ ஒரு குழந்தையைத் தூங்க வைப்பதாகத் தோன்றும்.

சன்னலுக்கு மிக அருகில் இருப்பது முதல் பெஞ்சு. யார் வேகமாகவும் நேராகவும் அடிக்கிறார்களோ அவர்களுக்கு. பல வருஷமாக அது ஆணியக்காவுடையது. இரண்டாவது பெஞ்சில் அவள் நாத்தனார், அதாவது அவள் புருஷனின் தங்கை. இரண்டு பெஞ்சுக்கும் நடுவே கையெட்டும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க நாத்தனார் வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருந்தாள். வீட்டில், “எங்க அண்ணி மாதிரி வருமா” என்பாள். பட்டறையில் அண்ணியின் கடைசி ஆணிக்கும் தன் கடைசி ஆணிக்கும் உள்ள இடைவெளியைக் காதாலேயே அளந்துகொண்டிருப்பாள்.

ஆணியக்காவிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பொய்ப்பல். ஆணி கவ்விக் கவ்வித் தேய்ந்திருந்த பற்கள், ஒரு வருஷத்தில் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. பக்கத்து ஊருக்குப் போய்க் கழற்றி மாட்டுகிற பல்செட்டு வாங்கி வந்தாள். “பல்லு போனா ஆணி போச்சு” என்று பட்டறையில் ஒரு சொல் உண்டு. பல் விழுந்தவர்களுக்கு மறுநாளே கதவோரத்தில் இடம் போட்டு, கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். தோளில் தட்டிக்கொடுப்பார்கள், அதுதான் தாங்க முடியாது. விஷயம் அவள் புருஷனுக்கு மட்டும் தெரியும். ரம்பத்தில் ஃபோம் அறுப்பவர் அவர்தான். ராத்திரி கண்ணாடி டம்ளரில் கிடக்கும் பல்லைப் பார்த்து, “வீட்ல என்னைப் பாத்துச் சிரிக்கிறது அது ஒண்ணுதான்” என்பார். வெளியே மூச்சு விட்டதில்லை.

பல்செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே மருந்துத் தூசி போய் உட்கார்ந்துகொண்டு புண்ணாக்கியது. அதனால் டீக்கு முன்பும் சாப்பாட்டுக்கு முன்பும் வீட்டுக்குக் கிளம்பும் முன்பும் வண்டி கழுவும் குழாய்க்குப் போவாள். பட்டறைக்குப் பின்னால், லாரி நிற்கிற இடத்தைத் தாண்டி இருந்தது அது. முதலில் சோப்பு போட்டுக் கைகளைக் கழுவுவாள், பிறகு பல்லைக் கழற்றிக் கழுவுவாள், வாய் கொப்பளிப்பாள், சுற்றும் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்வாள். மற்றவர்கள் கையைப் பாவாடையிலோ சட்டையிலோ துடைத்துக்கொண்டு பன்னை எடுத்துக் கடிப்பார்கள். அவள் மட்டும் தாமதமாக வருவதைப் பார்த்து, “மகாராணிக்கு நம்மகூட வந்து டீ குடிக்க கசக்குது” என்று நாத்தனார் சொல்வாள். ஆணியக்கா மறுத்ததில்லை. கர்வக்காரி என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, பல்லில்லாதவள் என்று பேர் வாங்கக் கூடாது.

தொழிலாளர் சங்கத்தார் ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்தது அப்போதுதான். அதிகம் பேசாத மனுஷி. சன்னலோரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆணிகள் வாய்க்குள் போவதையும் வருவதையும் ஒரு காலைப் பொழுது முழுக்கப் பார்த்தார். பிறகு எல்லோரிடமும் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்துச் சிறுநீர் கேட்டார். அந்த மருந்து உடம்புக்குள் போனால் அதன் மிச்சம் அதில் தெரியுமாம். மறுபடி வந்தபோது ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு அவரவர் அளவைச் சொன்னார். இது இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் தைராய்டு சுரப்பியையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் பாதிக்கக்கூடும் என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. குறையக் குறைய நல்லது. எல்லோரிடமும் இதைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்றைக்குச் சன்னலோரத்தில் ‘ம்’ கூடக் கேட்கவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் டீ வேளையில் நாத்தனார்தான் ஆரம்பித்தாள். தனக்கு நூறைத் தாண்டிவிட்டதென்று சொன்னாள். சொன்ன விதத்தில் ஒரு மிடுக்கு இருந்தது. மூன்றாவது பெஞ்சுக்காரர் தனக்குத் தொண்ணூறு என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. துப்பாக்கிப் படையில் ஒருவன் முப்பது என்றதும், “போடா, முப்பதை வெச்சுக்கிட்டு பேச வந்துட்டான்” என்று சிரித்தார்கள். பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. வேறு எதைச் செய்வதென்று தெரியாமல் அதைப் பெருமையாக்கிக்கொண்டார்கள். எது கூடினாலும் கெட்டிக்காரத்தனம் என்றே பழகியவர்கள். இந்த அளவும் கைவேலையின் அளவாகிவிட்டது. வாயில் ஆணி போடுகிறவர்களுக்குத்தானே கூட இருக்கிறது? அப்படியானால் கூட இருப்பவரே பெரிய கை.

நாத்தனாரின் மகளும் அங்கே இருந்தாள். மெஷினில் உறை தைப்பவள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். அறுத்து வந்த ஃபோமை மடிமேல் போட்டு உறை மாட்டிப் பார்ப்பதுதான் நாள் முழுக்க அவள் வேலை. “எனக்கும் அறுபது வந்திருக்கு. ஆணியே தொடாம,” என்றாள், அம்மாவின் மிடுக்கைக் காப்பியடித்து. சொல்லிவிட்டுக் கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. யாரோ பேச்சை மாற்றினார்கள்.

ஆணியக்கா குழாயிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். டாக்டரம்மா அவளிடம் சொன்ன அளவு ஒன்பது. சொல்லும்போது டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “நீங்க நிஜமாவே வாயில ஆணி போடுறீங்கதானே?” என்று கேட்டார். அந்தக் கேள்வி ஆணியக்காவை ராத்திரியெல்லாம் குடைந்திருந்தது. ஒன்பது என்று சொன்னால் என்ன ஆகும்? திருட்டுத்தனமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறாள் என்பார்கள். இல்லையென்றால் ஏன் என்று தோண்டுவார்கள். தோண்டினால் பல்லில் வந்து நிற்கும்.

“அண்ணி, உங்களுக்கு எவ்வளவு?” என்றாள் நாத்தனார்.

“உன்னோடத விடக் கூடத்தான்.”

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. முதல் பெஞ்சு அங்கேயும் முதல் பெஞ்சுதான்.

பொய் சின்னதுதான், ஆனால் அது சும்மா இருக்கவில்லை. டாக்டரம்மா மறுபடியும் பாட்டில் கொண்டுவரப் போவதாகச் சொல்லியிருந்தார். நாத்தனார் அதற்குத் தயாராக ஆரம்பித்தாள். ஒரு பிடி ஆணி போட்ட வாயில் ஒன்றரைப் பிடி போட்டாள். டீ வேளையிலும் கன்னத்தில் ஆணியை அதக்கிக்கொண்டே டீயை உறிஞ்சினாள். இரண்டாம் பெஞ்சு செய்வதைப் பார்த்து மூன்றாம் பெஞ்சும் செய்தது. அண்ணியை எதிலாவது ஒன்றில் முந்திவிட வேண்டும் அவளுக்கு. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே ஆணியக்கா ஆணி அடித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் வரிசை கோணிற்று. கோணலைச் சுட்டிக்காட்டும் இழுத்த ‘ம்’ இரண்டாவது பெஞ்சிலிருந்து வந்தது, சந்தோஷமாக.

அன்றிரவு வீட்டில் புருஷனிடம் அவருடைய அளவைக் கேட்டாள். அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. டம்ளரைப் பார்த்தபடி, “என் தங்கச்சியோடத விடக் கூட. நான் பொய் சொல்லல,” என்றார். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அப்படி நீண்ட மௌனங்கள் உண்டு. பெரும்பாலும் அவை சண்டையாக இருக்காது. ஒரே விஷயத்தை இரண்டு பேரும் தனித்தனியே சுற்றி வந்துகொண்டிருப்பார்கள்.

முதலாளியும் டாக்டரம்மாவும் பட்டறையில் எல்லோர் முன்பாகவும் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. முதலாளி கெட்டவர் இல்லை. செலவு என்றால் காது கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். மருந்தில்லாத ஃபோமில் இருக்கை செய்ய அப்போது சட்டம் இடம் கொடுக்காது என்றார். அது உண்மைதான். தூசி இல்லாமல் அறுக்க முடியாது என்றார். எல்லோர் உடம்பிலும் ஏறியிருக்கிறது என்றால் அது இந்தத் தொழிலோடு வருவது, தச்சனுக்கு மரத்தூள் மாதிரி, இதில் யார் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாருக்கும் ஏறல. ஒருத்தருக்கு மட்டும் ரொம்பக் கம்மி. அவங்களும் சன்னலோரம் ஆணி அடிக்கிறவங்கதான். அது எப்படின்னு தெரிஞ்சா உங்க எல்லாருக்கும் வழி தெரியும். ஆனா பேரை நான் சொல்லக் கூடாது. அவங்களா சொன்னாத்தான்.”

சன்னலோரத்து முகங்கள் ஒன்றையொன்று பார்த்தன. நாத்தனார் வாயிலிருந்த ஆணிகளைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “யாரோ ஒருத்தர் நம்மளையெல்லாம் ஏமாத்திக்கிட்டு ஒளிச்சு துப்பாக்கி பிடிக்கிறாங்க. வேறென்ன?”

அவள் பின்னால் மகள் நின்றிருந்தாள், மெஷினிலிருந்து எழுந்து வந்த கோலத்தில், முன்கையெல்லாம் வெள்ளைத் தூசியோடு. ஒரு கையில் பாதி தின்ற பன் இருந்தது. ஆணியக்கா பன்னைப் பார்த்தாள். அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். காலை வெளிச்சம் முதல் பெஞ்சில்தான் முதலில் விழும். அதில் உட்கார்ந்து அவள் அடித்த ஆணிகளை வரிசையாக வைத்தால் எங்கே போய் முடியுமோ.

எழுந்து நின்றாள். வாய்க்குள் விரலை விட்டுப் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

ஏதோ சொன்னாள். முன்பல் இல்லாமல் காற்றாகத்தான் வந்தது, ஒருவருக்கும் புரியவில்லை. அவளுக்கே அது தெரிந்தது. நிதானமாகப் பல்லை மறுபடி மாட்டிக்கொண்டு, நாக்கால் ஒருமுறை சரி பார்த்துக்கொண்டு, திரும்பச் சொன்னாள்.

“அது நான்தான். எனக்கு ஒன்பது.”

“கூடன்னு சொன்னீங்களே அண்ணி.”

“பொய் சொன்னேன். பல்லு போனது தெரிஞ்சா பெஞ்சு போயிடுமேன்னு சொன்னேன். தூசி இதுக்குள்ள போய் ஈறு புண்ணாகுது. அதனால வாயில எதையாச்சும் வைக்கறதுக்கு முன்னாடி பின்னால போய் சோப்பு போட்டு கையக் கழுவுறேன், இதையும் கழுவுறேன், வாய் கொப்பளிக்கிறேன். உங்ககூட டீ குடிக்க கசந்து போகல. அவ்வளவுதான் விஷயம்.”

டாக்டரம்மா நோட்டில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அவள் சொன்னதையெல்லாம் தலையசைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கதவோரத்திலிருந்து ஒரு குரல், கேலி பாதி பாசம் பாதியாக, “அப்போ எங்க பக்கம் வந்துடுங்கக்கா, இடம் இருக்கு” என்றது.

ஆணியக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை. “வரேன்டா. ஆனா ஒண்ணு கேட்டுக்க. ரெண்டு வருஷமா இந்தப் பொய்ப்பல்லை வெச்சுக்கிட்டுத்தான் முதல் பெஞ்சுல உக்காந்திருக்கேன். சொந்தப் பல்லு இருக்கறவங்க ஒருத்தராவது என்னை முந்துனீங்களா?”

ரம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்த புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். மெஷின்காரப் பெண் பன்னை மெதுவாகப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, “அத்தை, அந்தக் குழாய் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

நாத்தனார் மகளைப் பார்த்தாள். அண்ணியின் வாயைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தான் காதால் அளந்து அளந்து தோற்றது அந்த நான்கு பொய்ப்பல்லிடம் என்பது அவளுக்குள் இறங்க நேரமெடுத்தது. பிறகு குனிந்து, வாயிலிருந்த ஆணிகளை ஒன்றுவிடாமல் ஒரு தகர டப்பாவில் துப்பினாள். மழை விழுகிற மாதிரி சத்தம். மூன்றாவது பெஞ்சிலும் அதே சத்தம். சன்னலோரம் முழுக்க அதே சத்தம்.

நாத்தனார் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னாள்: “எங்க அண்ணி லாரியைச் சுத்திக்கிட்டுப் போய் கழுவியிருக்காங்க. வயித்துப் பிள்ளையோட என் மக அப்படி நடக்க மாட்டா. குழாய் உள்ள வரணும், சோப்போட. அந்த ரம்பத்துக்கு மேல தூசி இழுக்கற மெஷின் வரணும். அதுவரைக்கும் இந்தச் சன்னலோரத்துல ஒரு ஆணி எறங்காது.”

‘எங்க அண்ணி’ என்று பட்டறைக்குள் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலாளி துப்பாக்கிப் படையைப் பார்த்தார். அவர்கள் துப்பாக்கிகளைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கப்பலுக்குப் போக வேண்டிய இருக்கைகள் பாதி தோல் உரிந்த மாதிரி நின்றன. அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். சாயங்காலத்துக்குள் குழாய்க்காரன் வந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஆணி வாய்க்குப் போகவில்லை. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு தட்டு வந்தது. சுத்தியல் தட்டில் குனிந்து ஆணியை எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் எல்லோரும் எரிச்சலாக, மெதுவாக அடித்தார்கள். சன்னலோரத்தில் பேச்சு வந்துவிட்டது. இவ்வளவு நாள் ‘ம்’ என்றே பழகியவர்களுக்கு ஒருவர் குரல் ஒருவருக்கு விநோதமாக இருந்தது. தட்டு வேலையில் நாத்தனாரின் கை வேகமென்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஆணியக்காவின் திறமை கையில் இல்லை, நாக்கில் இருந்தது. ஒரு காலையில் அவளே தன் சுத்தியலை எடுத்துக்கொண்டு இரண்டாவது பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். நாத்தனார் அன்று முழுக்க முதல் பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே அடித்தாள். மறுநாள், “உக்காருடி, கால் வலிக்கும்” என்று ஆணியக்கா அதட்டின பிறகுதான் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா அடுத்த முறை வந்து அளவு சொன்னபோது பாதிப் பேர் தாங்களாகவே உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். இப்போது குறைந்தவர்களுக்கு மிடுக்கு. மெஷின்காரப் பெண்ணுக்குப் பதினொன்று. “நான் இன்னும் ஒன்பதுதான்” என்று ஆணியக்கா சொன்னாள். இந்த முறை கேட்கும் முன்பே உண்மையைச் சொன்னாள்.

நாத்தனாரின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நன்றாக இருக்கிறது. மூன்றாவது பெஞ்சுக்காரர் சொந்தமாக ஒரு கடை வைத்தார். வாசலிலேயே கை கழுவும் தொட்டி கட்டியிருக்கிறார். ஆணியக்காவின் புருஷனுக்குப் பின்னாளில் தைராய்டு கோளாறு வந்தது. அது மருந்தினால் வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார், ரம்பத்தை விட்டுவிட்டார். சட்டம் மாறி, அந்த மருந்தில்லாத ஃபோமுக்குமேல் தீயைத் தடுக்கும் துணி போர்த்திச் செய்கிற முறை வந்தது. முதலாளியின் மகன் அதற்கு மாறினார். டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். நாத்தனார் வேலையிலிருந்து நிற்கும்வரை முதல் பெஞ்சில் இருந்தாள். ஆணியக்கா இரண்டாவது பெஞ்சிலிருந்தே ஓய்வு பெற்றாள். இப்போது மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல்தான், கேட்பவர்களுக்கெல்லாம் கழற்றிக் காட்டுகிறாள்.